அப்பா கண் மூடிய படங்கள்

நாகலூர்
4 ஆகஸ்ட் 2024

அக்கா,

உனக்கு இனிமேல் சிஸ்டர் என்று போட்டுத்தான் எழுத வேண்டுமாம், அம்மா சொல்கிறாள். என்னால் ஆகாது. மடத்துக்காரர்கள் கோபித்துக்கொண்டால் நீயே சமாளித்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு ஃபிளாஷ் வேண்டும். எதை வாங்குவது?

குழந்தை பிறந்ததும் பழைய கேமரா ஒன்று வாங்கினேன். நல்ல கேமராதான். ஆனால் நம் வீட்டைப் பற்றி உனக்குத் தெரியும். ஜூனில் இறங்கிய மூட்டம் இன்னும் வாசலை விட்டு நகரவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கும் ஹாலில் லைட் எரிகிறது. ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் பிள்ளை கை காலை ஆட்டி, படம் முழுக்கக் கலங்கிப்போகிறது. கேமராவிலேயே இருக்கும் குட்டி ஃபிளாஷைப் போட்டால் எல்லாருக்கும் கண் சிவப்பாக எரிகிறது, பின்சுவரில் ஆளுக்கொரு கறுப்பு நிழல் ஒட்டிக்கொள்கிறது. ஜோஸ்லின் அதைப் பார்த்துவிட்டு, "இது நம்ம குடும்பமா, திருட்டுக் கேஸுல புடிச்ச கூட்டமா?" என்கிறாள்.

நவம்பர் கடைசியில் வரும் கிறிஸ்து அரசர் திருநாளன்று பிள்ளைக்கு ஞானஸ்நானம். அன்றைக்கு வீட்டில் ஒரு குடும்பப் படம் எடுத்துப் பெரிதாக்கி மாட்ட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. நீ வெங்கடாசலம் அண்ணன் ஸ்டுடியோவில் வேலை பார்த்த காலத்தில் இந்த மலையில் எத்தனை கல்யாண வீடு இருட்டில் போய் எடுத்திருப்பாய். தானாகவே வெளிச்சத்தை அளந்துகொள்ளும் ஆட்டோமேட்டிக் ஃபிளாஷ் என்கிறார்கள். அதில் நூறு வகை. நெட்டில் பார்த்தால் ஒருவன் சொல்வதை இன்னொருவன் மறுக்கிறான். தலை சுற்றுகிறது.

சீக்கிரம் எழுது. உங்கள் மடத்தில் போன் இருந்தால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம்.

மெல்வின்

*

மடம்
20 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பி மெல்வினுக்கு,

ஆண்டவர் உங்கள் எல்லோருக்கும் சமாதானம் தருவாராக. எனக்கு இன்று அது கொஞ்சம் குறைவாக இருக்கிறது. காரணம் நீ.

இங்கே வீட்டுக்கு மாதம் ஒரு கடிதம்தான் எழுதலாம். வருகிற கடிதத்தையும் போகிற கடிதத்தையும் மதர் படிப்பார்கள். இது உனக்குத் தெரியும். பிள்ளைக்கு என்ன பெயர், அம்மாவின் சர்க்கரை எப்படி இருக்கிறது, அப்பா முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கிறாரா, ஒரு வரி இல்லை. மதர் உன் கடிதத்தை என்னிடம் நீட்டி, "உங்க தம்பி உங்களக் கடைக்காரின்னு நெனச்சுட்டாரா, சிஸ்டர்?" என்று கேட்டார்கள். சிரித்து வைத்தேன்.

சரி, கேள். முதலில் உன் கேமரா எந்தக் கம்பெனி என்று பார். அதே கம்பெனி கேமராவுக்கென்று செய்த ஃபிளாஷாக வாங்கு. வேறு கேமராவுக்கானதை வாங்கினால் மேலே மாட்டும், எரியவும் எரியும், ஆனால் வெளிச்சத்தை அளக்காது. இரண்டாவது, தலை திரும்புகிற ஃபிளாஷாக இருக்க வேண்டும். ஃபிளாஷை நேரே ஆள் முகத்தில் அடிப்பது அறைவதற்குச் சமம். வெளிச்சம் ஒரு பெரிய வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பி வந்தால்தான் முகம் முகமாகத் தெரியும். சீலிங்கில் அடிக்கச் சொல்வார்கள். நம் வீட்டுக்குச் சீலிங் ஏது, புகை பிடித்த ஓடுதான். அதனால் பக்கத்துச் சுவரில் அடி.

இவ்வளவுதான். அடுத்த கடிதத்தில் பிள்ளையின் பெயரை எழுது.

உன் அக்கா
லூர்துசெல்வி

*

நாகலூர்
8 செப்டம்பர் 2024

அக்கா,

பிள்ளையின் பெயர் ஷீனா. அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, வைத்தியம் இல்லை, யார் சொன்னாலும் கேட்பதில்லை. உன் பேச்சை எடுத்தால் எழுந்து காபிச் செடியைப் பார்க்கப் போய்விடுகிறார். மூன்று வருஷமாக இதுதான். போதுமா?

நீ சொன்னபடியே தலை திரும்புகிற ஃபிளாஷ் வாங்கினேன். பக்கத்துச் சுவரில் அடித்தேன். எல்லாரும் பச்சையாகிவிட்டார்கள்.

விளையாட்டில்லை. ஜோஸ்லின் கர்ப்பமாக இருந்தபோது ஹாலுக்குக் கிளிப்பச்சை பெயிண்ட் அடித்தோம். படத்தில் அம்மா பச்சை, ஷீனா பச்சை. ஜோஸ்லின் என்னைத்தான் திட்டுகிறாள். பெயிண்டைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான் என்பதை இந்த வீட்டில் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

அதைவிடப் பெரிய தொல்லை அப்பா. எடுத்த எல்லாப் படத்திலும் கண்ணை மூடியிருக்கிறார். ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. ஒன்றில்கூடக் கண் திறந்திருக்கவில்லை. மற்றவர்கள் எல்லாரும் முழித்திருக்கிறார்கள். "ஏனுங்க, இப்பிடிக் கண்ண மூடிட்டு நிக்கறீங்க, பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?" என்று அம்மா கேட்டதற்கு, "வெளிச்சம் கூசுது" என்றார். எஸ்டேட்டில் ரைட்டராக இருந்த காலம் முழுக்க வெயிலில் நின்று ஆள் கணக்கு எடுத்தவருக்கு இப்போது கூசுகிறதாம்.

என்ன செய்வது, சொல்.

மெல்வின்

*

மடம்
24 செப்டம்பர் 2024

மெல்வின்,

ஷீனா. நல்ல பெயர். இரண்டு நாளாகச் சமையற்கட்டில் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பச்சைச் சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் பச்சையாகத்தான் வரும். சுவர் என்ன நிறம் என்று சொல்லியிருந்தால் சொல்லியிருப்பேன். சுவரின் மேல் ஒரு வெள்ளைப் பெட்ஷீட்டை ஆணி அடித்துத் தொங்கவிடு. அம்மா நீலம் போட்டு அலசியதாக இருக்கக் கூடாது. அப்புறம் எல்லாரும் நீலமாகிவிட்டார்கள் என்று எழுதுவாய், எனக்கு அதைத் தாங்கும் தெம்பு இல்லை.

அப்பா விஷயம் வேறு. நீ வாங்கியிருக்கும் வகை, படம் எடுப்பதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்னால் ஒரு சின்ன வெளிச்சத்தை அடித்து அறையை அளந்து பார்க்கும். பிறகுதான் பெரிய வெளிச்சம். நமக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் சிலருக்கு இமை வெகு வேகம். முதல் வெளிச்சத்துக்கே மூடிக்கொள்வார்கள், படம் விழும்போது கண் மூடியிருக்கும். வாழவந்தியில் ஒரு மாப்பிள்ளைக்கு இப்படித்தான். ஆல்பம் முழுக்கத் தூங்கினான். பெண் வீட்டார் வெங்கடாசலம் அண்ணனோடு சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

அதற்கு வேறு வகை ஆட்டோ ஃபிளாஷ் உண்டு. அதன் நெற்றியிலேயே வெளிச்சத்தை அளக்கிற சின்னக் கண் ஒன்று இருக்கும். முன்கூட்டி எதையும் அடிக்காது. ஒரே வெளிச்சம், அது ஆள் மேல் பட்டுத் திரும்பும்போதே அளந்து, போதும் என்றதும் தானாக நின்றுவிடும். எவ்வளவு வேகமான இமையாலும் அதை முந்த முடியாது. கையிலிருப்பதைக் கொடுத்துவிட்டு அதை வாங்கு. மிகப் பழையதாக வாங்காதே, சிலது கேமராவையே எரித்துவிடும். வெங்கடாசலம் அண்ணனிடம் காட்டிவிட்டு வாங்கு.

மதர் இதை முழுக்கப் படித்துவிட்டு, அந்த வாழவந்தி மாப்பிள்ளை பிறகு என்ன ஆனான் என்று கேட்டார்கள்.

அக்கா

*

நாகலூர்
13 அக்டோபர் 2024

அக்கா,

நீ சொன்ன அந்த நெற்றிக்கண் ஃபிளாஷை வாங்கினேன். அண்ணனிடம் காட்டினேன், அருமை என்றார். பெட்ஷீட்டைத் தொங்கவிட்டேன். படங்கள் நன்றாகவே வந்திருக்கின்றன. இரண்டை இதோடு வைத்திருக்கிறேன், பார். ஷீனாவின் முடிகூடத் தெரிகிறது. ஜோஸ்லின் முதல் முறையாக ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாவைப் பார். கண்ணைப் பார்.

எவ்வளவு வேகமான இமையாலும் முந்த முடியாது என்று எழுதினாயே. முந்திவிட்டார். மறுபடியும் ஒன்று விடாமல்.

எனக்கு அலுத்துவிட்டது அக்கா. எஸ்டேட்டில் காபிப் பழப் பறிப்புக்கு ஆள் பிடிக்க நாயாய் அலைந்துவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை பெட்ஷீட் கட்டி, அம்மாவைப் புடவை மாற்ற வைத்து, பிள்ளை தூங்குவதற்குள் அவரைக் கெஞ்சிக் கூட்டிவந்து நிறுத்தினால், இது. நேற்று அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அழுதாள். "உசுரோட இருக்கற மனுசனப் படுக்க வெச்ச மாதிரி இருக்குது" என்றாள்.

உனக்கென்ன. அங்கே உட்கார்ந்து மாதம் ஒரு தடவை யோசனை எழுதி அனுப்புகிறாய். அந்த ஃபிளாஷ் வாங்கு, இந்த ஃபிளாஷ் வாங்கு. இந்த மனிதரோடு தினமும் ஒரே வீட்டில் இருப்பது நான்தான். நீ போனதற்கான முகத்தை அவர் என்னிடம்தான் காட்டுகிறார். இதை எழுதக் கூடாது என்று இருந்தேன். எழுதிவிட்டேன். மதரும் படிக்கட்டும்.

மெல்வின்

*

மடம்
27 அக்டோபர் 2024

மெல்வின்,

மதர் படித்தார்கள். மடித்துக் கொடுத்தார்கள்.

நீ எழுதியது சரி. நான் பதில் சொல்ல முடியாத அளவுக்குச் சரி. அதனால் படங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இரண்டையும் ஜன்னலோரம் வைத்து நெடுநேரம் பார்த்தேன். கண் சிமிட்டும்போது அகப்பட்ட முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஆயிரம் பார்த்திருக்கிறேன். இமை மட்டும் விழுந்திருக்கும். புருவமும் வாயும் அப்படி அப்படியே இருக்கும், பாதி பேச்சில் நின்ற மாதிரி. அப்பாவின் படத்தில் நெற்றி சுருங்கியிருக்கிறது. உதட்டை இறுக்கியிருக்கிறார். அம்மாவின் கை தோளில் பட்டிருக்கிறது, அதற்கும் அசையவில்லை. இந்த ஃபிளாஷை எந்த இமையாலும் முந்த முடியாது என்று நான் எழுதியது பொய்யில்லை. வெளிச்சம் வருவதற்கு முன்பே அவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். வேண்டுமென்றே.

இதற்கு ஃபிளாஷ் கிடையாது, தம்பி. உன்னை மூன்று மாதம் அலைய வைத்தது இந்த மனிதர். எனக்கு வருகிற கோபத்துக்கு நாளைக்கே பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். வாயைத் திறந்து சொன்னால் என்ன? ஒரு வீட்டையே பெட்ஷீட் கட்ட வைத்துவிட்டு, வெளிச்சம் கூசுகிறதாம்.

நீ அவரிடம் நேரே கேள். அம்மா இருக்கும்போது கேள். நான் கேட்க முடியாது. கேட்கிற இடத்தில் நான் இல்லை.

அக்கா

*

நாகலூர்
8 நவம்பர் 2024

அக்கா,

கேட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். மழை. அவரால் வெளியே எழுந்து போக முடியாது என்பதால் அந்த நேரத்தைப் பிடித்தேன். உன் கடிதத்தில் இருந்ததை அப்படியே சொன்னேன், நீ எழுதினாய் என்பதையும் சொன்னேன். சோற்றில் கை வைத்தபடி இருந்தார்.

"அவளா சொன்னா?" என்றார். மூன்று வருஷத்தில் உன்னைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல்.

"ஆமாங்க. படத்தப் பாத்துட்டுச் சொல்லுச்சு."

"அது கெட்டிக்காரிதான்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "ஒருத்தி இல்லாத படத்துல நான் எதுக்கு முழிச்சுக்கிட்டு நிக்கோணும்? செவுத்துல மாட்டி வெச்சு, தேவசிகாமணிக்கு இவ்வளவுதான் குடும்பம்னு ஊரு பாக்கறதுக்கா?" என்றார்.

நான் பேசுவதற்குள் அம்மா பிடித்துக்கொண்டாள். அம்மா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "அவ போறன்னப்போ, நீ போனா எனக்கு ஒரே புள்ளதான்னு சொன்னது யாரு? நானா? அவ கன்னியாஸ்திரியாகற வார்த்தப்பாட்டுக்கு வாங்கன்னு காலப் புடிச்சேன். வந்தீங்களா? நான் ஒருத்தியாப் போயி மடத்துக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு அழுதுட்டு வந்தேன். இப்ப மட்டும் அவ இல்லீன்னு கண்ண மூடிக்கிட்டா செரியாப் போச்சா? எங்கண்ணுக்கும்தான் அவ இல்ல. நான் முழிச்சுட்டுத்தான் நிக்கறேன்!"

ஜோஸ்லின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பா கை கழுவப் போனார். திரும்பி வந்து உட்காரவில்லை. "கோயிலுக்கு வர்றேன். படத்துக்கு நிக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அம்மா முடிவு செய்துவிட்டாள். ஞானஸ்நானம் முடிந்த அந்த வாரமே ஷீனாவை உன்னிடம் கொண்டுவர வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் உங்களுக்குப் பார்வையாளரும் கிடையாது, கடிதமும் கிடையாது என்று எனக்கு ஞாபகம். மதரிடம் கேட்டுச் சொல். அங்கே படம் எடுக்கலாமா என்பதையும் கேள்.

போன கடிதத்தில் நான் எழுதிய கடைசிப் பத்தியை மறந்துவிடு. முடியாவிட்டால் விடு.

மெல்வின்

*

மடம்
15 நவம்பர் 2024

மெல்வின்,

நேரம் இல்லை, சுருக்கமாக. நவம்பர் 27, புதன், காலை பத்து மணி. மதர் சம்மதித்துவிட்டார்கள். ஒரு மணி நேரம். உங்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு படம் எடுக்கலாம்.

பார்வையாளர் அறையில் நடுவே கம்பித் தடுப்பு. ஃபிளாஷை நேரே அடித்தால் கம்பி பளிச்சென்று விழும், அதன் நிழல் என் முகத்தில் கோடு கோடாக விழும். ஃபிளாஷும் முன்னால் நிற்கும் கம்பியைப் பார்த்துவிட்டு, போதும் என்று நின்றுவிடும். ஆனால் இங்கே சீலிங் இருக்கிறது. தாழ்வான, வெள்ளையடித்த சீலிங். ஃபிளாஷின் தலையை மேலே திருப்பி அடி. உன் ஆயுசில் உனக்குக் கிடைக்கப்போகிற ஒரே நல்ல சீலிங் இதுதான், கெடுத்துவிடாதே.

அப்பாவை வாருங்கள் என்று யாரும் கூப்பிடாதீர்கள். கெஞ்சவும் வேண்டாம். வண்டியில் ஒரு இடம் காலியாக வையுங்கள், அவ்வளவுதான்.

அந்தக் கடைசிப் பத்தியை நான் மறக்கவில்லை. கிழிக்கவும் இல்லை.

அக்கா

*

நாகலூர்
29 நவம்பர் 2024

அக்கா,

இதை மதர் கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான் உன்னிடம் தருவார்கள் என்று தெரியும். ஆனாலும் இப்போதே எழுதாவிட்டால் எனக்கு வெடித்துவிடும்.

படம் இதோடு இருக்கிறது. நீ நன்றாக வந்திருக்கிறாய். கம்பி நிழல் இல்லை. அம்மா சிரிக்கிறாள். ஜோஸ்லின் கையில் ஷீனா கொட்டாவி விடுகிறாள், அதுகூட அழகாக இருக்கிறது. அப்பாவுக்கு மட்டும் பிடரிதான் இருக்கிறது.

எல்லாரும் திரும்பிக் கேமராவைப் பாருங்கள் என்று எத்தனை தடவை சொன்னேன், நீயும் கேட்டாய். எல்லாரும் திரும்பினார்கள். அவர் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உன் பக்கமே பார்த்து நின்றார். ஒரு படத்துக்குத்தான் அனுமதி, அழுத்திவிட்டேன். நான்கு மாதம், இரண்டு ஃபிளாஷ், ஒரு பெட்ஷீட். கிடைத்தது ஒரு நரைத்த தலையின் பின்பக்கம். கண் திறந்திருந்தாரா, மூடியிருந்தாரா என்பதே எனக்குத் தெரியாது. நீதான் பார்த்திருப்பாய்.

அம்மா இதைத்தான் பெரிதாக்கச் சொல்கிறாள்.

இன்னொன்று. புதன்கிழமை விடிகாலை வாடகைக்குப் பேசிய ஆண்டனி ராஜின் ஜீப் வந்து நின்று, நாங்கள் வாசலுக்கு வருவதற்குள் அப்பா சட்டை மாட்டிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை, சத்தியமாக. போகும் வழி முழுக்க ஒரு பேச்சில்லை. திரும்பும்போது அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம், அப்போதும் இல்லை. மடத்தில் நாங்கள் பிள்ளைக்குப் பால் சுடவைக்க உள்ளே போன அந்தப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் அப்படி என்ன பேசினார்? அம்மா என்னைத் துளைக்கிறாள். அவரைக் கேட்டால், "கண்ணாடி போட்டிருக்கறா" என்கிறார். அவ்வளவுதான்.

மெல்வின்

*

மடம்
27 டிசம்பர் 2024

அன்புத் தம்பி மெல்வினுக்கு,

கிறிஸ்து பிறப்பின் மகிழ்ச்சி உங்கள் வீட்டில் தங்கட்டும். உன் கடிதத்தை நேற்றுத்தான் தந்தார்கள். படத்தைப் பார்த்துச் சமையற்கட்டில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அது மௌன நேரம். அதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்டேன்.

அவர் கண் திறந்துதான் இருந்தது.

நீங்கள் உள்ளே போனதும் அவர் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதர் பேசாமலே போய்விடுவார், அதற்கு இவ்வளவு தூரம் வந்தாரா என்று எரிச்சலாகக்கூட இருந்தது. அப்புறம் சட்டென்று, "கண்ணாடி எப்பப் போட்ட?" என்றார்.

"போன வருசமுங்கப்பா."

"எதுக்கு எழுதல?"

"யாருக்குங்க எழுதறது?"

அதற்குக் கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை. எழுந்து கம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "நான் சமாதானமாயிட்டேன்னு நெனச்சுக்காத. கோவம் நொம்ப இருக்குது. அது போகாது" என்றார்.

"செரிங்கப்பா" என்றேன்.

"ஊட்டுல உக்காந்து கோவப்படலாம்னு பாத்தா வுட மாட்டீங்கறாங்க. உங்கம்மா ஏன் என்னங்கறா. உந்தம்பி வாரா வாரம் பெட்ஷீட்டக் கட்டிட்டு நிக்கறான். நிம்மதியா ஒரு மனுசன் கோவமா இருக்க முடியல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார், மதர் கேட்டுவிடுவார்களோ என்பது போல. "மாசம் ஒருக்கா இங்க வந்து கோவப்படலாமா? வுடுவாங்களா?"

"வுடுவாங்கப்பா. ஒரு மணி நேரம்."

"ஒரு மணி நேரம் எப்பிடிப் பத்தும்?" என்றார். அதற்குள் நீங்கள் பாலோடு வந்துவிட்டீர்கள். நீ கேமரா பக்கம் திரும்பச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாய். அவர் காதில் அது விழுந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கு நான் ஜெபத்துக்குத் தாமதமாகப் போனேன். மதர் பார்த்தார்கள்.

ஜனவரியில் எட்டாம் தேதி, புதன்கிழமை, கொடுத்திருக்கிறார்கள். பஸ்ஸில் கூட்டி வராதே, மலை இறங்கும்போது அவர் முழங்கால் தாங்காது. ஆண்டனி ராஜிடமே சொல்லிவை. பார்வையாளர் அறையில் கை வைத்த நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது, முதலில் வருகிறவர்களுக்குத்தான் கிடைக்கும். அதனால் ஒன்பதரைக்கே கொண்டுவந்து உட்காரவை. நீயும் அம்மாவும் வெளியே மரத்தடியில் இருங்கள், கடைசியில் கூப்பிடுகிறேன். அவர் கத்தினால் உள்ளே ஓடி வராதே.

கேமரா வேண்டாம்.

உன் அக்கா
லூர்துசெல்வி